காடு மாதிரி விட்டு வெச்சிருக்கீங்களே!

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேரிகை குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பேரிகையில் இருந்து வர்றேன். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போறார். ரெண்டு பிள்ளைங்க. குழுவில் சேர்றதுக்கு முன்னாடி நாலு பேர் முன்னால நின்னு பேர் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. இன்னைக்கு மைக்கு பிடிச்சு நிக்கிறேன்னா அது இந்த அமைப்பு கொடுத்த தைரியம். 1989இல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலா மகளிர் குழுக்களை ஆரம்பிச்சது நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போ நம்ம கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரிஞ்சது. அதனால நம்ம அம்மாங்க போட்ட பாதையில்தான் நாம நடக்கிறோம்.

இங்க பேசுறவங்க எல்லாரும் சேமிப்பு, கடன், தொழில் பத்திப் பேசினாங்க. நான் ஒரு பூங்காவோட மூலையைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. அந்த மூலையில் எங்க குழுவோட வருமானமும் இருந்தது, நான் செஞ்ச ஒரு தப்பும் இருந்தது.

எங்க குழுவில் அஞ்சு பேருக்கு ஓசூர் பக்கம் ஒரு லேஅவுட்டில் பூங்கா பராமரிக்கிற வேலை கிடைச்சது. லேஅவுட் பேர் வேணாம். அங்க குடியிருக்கிறவங்க சங்கம் வெச்சு மாசாமாசம் கூலி கொடுத்தாங்க. அரை ஏக்கர் இடம். நடுவுல கொரியன் புல், சுத்தி நடக்கிற பாதை, ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம். பின்னாடி மூலையில் ஒரு பள்ளம். அது ஒரு காலத்துல ஏரிக்குப் போற ஓடையாம். ஓடையை மூடி மனை போட்டிருக்காங்க. மழை பெஞ்சா அந்தப் பள்ளம் மட்டும் பழைய ஞாபகத்துல தண்ணி வாங்கி வெச்சுக்கும்.

கோடையில் டேங்கர் தண்ணி விலை ஏறிப் போச்சு. "பின்னாடி மூலைக்குத் தண்ணி விட வேணாம், முன்னாடி மட்டும் பச்சையா இருந்தா போதும்"னு சங்கத்துல சொல்லிட்டாங்க. நாங்களும் விட்டுட்டோம். புல் காய்ஞ்சு போச்சு. அப்புறம் மழை வந்தது. வந்த பிறகு பார்த்தா, நாங்க நடாத செடியெல்லாம் அங்க முளைச்சு நிக்குது. ஆவாரை, எருக்கு, தும்பை, நாய்த்துளசி. எந்தப் பறவை போட்ட விதையோ, ஒரு வேப்பங்கன்று. பள்ளத்தோரம் கோரைப்புல். பார்த்தீனியத்தை மட்டும் நாங்க பூக்கிறதுக்கு முன்னாடி வேரோட பிடுங்கினோம், அது உடம்புக்கு அரிப்பு கொடுக்கும், மூச்சிரைப்பும் வரும். மத்ததை விட்டுட்டோம். உண்மையைச் சொல்லணும்னா, இயற்கை மேல இருந்த அக்கறையில விடலை. வேலை மிச்சம்னு விட்டோம்.

ரெண்டு மாசத்துல அந்த மூலை மட்டும் வேற மாதிரி ஆயிடுச்சு. கொரியன் புல்லு மேல ஒரு பூச்சி பறக்காது. இங்க மஞ்சள் பட்டாம்பூச்சி கூட்டமா வந்தது. தேன்சிட்டு வந்தது. பள்ளத்துல தவளை கத்துச்சு. மத்தியானம் நாங்க டிபன் பாக்ஸ் பிரிக்கிறது அந்தப் பக்கம்தான்.

அப்புறம் ஆரம்பிச்சது புகார். "என்னம்மா, காடு மாதிரி விட்டு வெச்சிருக்கீங்களே! இதுக்கா சம்பளம்?" ஒருத்தர் கன்னடத்துல கேட்டார், ஒருத்தர் தெலுங்குல கேட்டார், ஒருத்தர் தமிழ்ல கேட்டார். பாஷைதான் வேற, கேள்வி ஒண்ணுதான். அடுத்த மாசக் கூலியை நிறுத்தி வெச்சிடுவோம்னு பேச்சு வந்தது. எங்க அஞ்சு பேருக்கும் குழுக்கடன் தவணை இருக்கு. நான்தான் அருவாளை எடுத்தேன். "அக்கா, கொஞ்சம் இரு, பேசிப் பார்க்கலாம்"னு கூட இருந்த தங்கச்சி சொன்னா. நான் கேட்கலை. ஒரே காலையில் மொத்தத்தையும் வெட்டிச் சாய்ச்சிட்டேன். பள்ளத்துல மண்ணைத் தள்ளி மட்டம் பண்ணோம். சாயங்காலம் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "இப்பதான் சுத்தமா இருக்கு"ன்னார். எனக்கும் நிம்மதியா இருந்தது.

மறுநாள் அந்த லேஅவுட்ல குடியிருக்கிற ஒரு டீச்சரம்மா பத்துப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. எருக்கஞ்செடியில் கோடு போட்ட புழு இருக்கு, அது கூடு கட்டி ஆரஞ்சு கலர் பட்டாம்பூச்சியா வெளிய வரும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. ஒரு வாரமா தினமும் வந்து பார்த்திருக்காங்க, எனக்குத் தெரியாது. அன்னைக்குக் கூடு திறக்கும்னு ஆசையா வந்தாங்க. செடியே இல்லை. ஒரு சின்னப் பொண்ணு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, யார் வெட்டினாங்க?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லலை. துடைப்பத்தை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டேன்.

இதை ஏன் மேடையில் சொல்றேன்னா, வெட்டச் சொன்னவங்க கெட்டவங்க இல்லை, வெட்டின நானும் கெட்டவ இல்லை. பூங்கான்னா எப்படி இருக்கணும்னு எங்க எல்லார் மனசுலயும் ஒரே படம்தான் இருந்தது. மட்டமா வெட்டின புல்லு, வரிசையா குரோட்டன்ஸ். வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு வளர்ந்தவங்க நாம. செடி தானா வளர்ந்தா அது நமக்குக் குப்பை. ஆளில்லாத வீட்டு வாசல்லதான் செடி முளைக்கும்னு நம்ம புத்தியில் ஊறிப் போயிருக்கு.

அதுக்கப்புறம் ஒரு தடவை பெங்களூருக்கு என் அக்கா வீட்டுக்குப் போனேன். அவ சர்ஜாபூர் ரோட்டுல அடுக்குமாடி வீடுகள்ல வேலை செய்றா. அங்க கைகொண்டரஹள்ளி ஏரின்னு ஒண்ணு இருக்கு. காலையில் என்னை அங்க கூட்டிட்டுப் போனா. கிட்டத்தட்ட 48 ஏக்கர். ஒரு காலத்துல சாக்கடையும் கட்டிடக் குப்பையும் விழுந்து, வறண்டு கிடந்த ஏரி அது. 2009 வாக்குல சுத்தி இருக்கிற மக்கள், பக்கத்து அரசுப் பள்ளிக்கூடம், ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் மாநகராட்சியோட சேர்ந்து அதை மீட்டாங்க. இப்ப அங்க கோரை இருக்கு, நாணல் இருக்கு, நாமக்கோழி, நீர்க்காகம், கொக்கு எல்லாம் இருக்கு. ஏரியைக் கிண்ணம் மாதிரி ஆழமா தோண்டி சுத்திக் கல்லு பதிச்சா பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா கொக்கு நிக்க ஆழமில்லாத ஓரம் வேணும், நாமக்கோழி முட்டையிட புதர் வேணும். நமக்கு அழுக்காத் தெரியுற ஓரம்தான் அதுங்களுக்கு வீடு.

எனக்கு அங்க பிடிச்சது வேற ஒண்ணு. மாட்டுக்குப் புல் அறுக்கிறவங்களை, "இது வாக்கிங் போற இடம், வெளிய போ"ன்னு அந்த ஏரியில் துரத்தலை. பிள்ளையார் கரைக்கிறதுக்குத் தனியா ஒரு குளம் கட்டியிருக்காங்க, ஏரியில் ரசாயனச் சாயம் கலக்காம இருக்க. அதாவது, இயற்கையும் இருக்கணும், ஜனங்க பழக்கமும் இருக்கணும்னு யோசிச்சிருக்காங்க.

பெங்களூர் ஏரி பேரிகைக்காரிக்கு எதுக்குன்னு கேட்பீங்க. கேளுங்க. அந்த ஏரித் தண்ணி வழிஞ்சா சவுள் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பெல்லந்தூர் ஏரி, அப்புறம் வர்த்தூர் ஏரி, அப்புறம் தென்பெண்ணை ஆறு. ஆறு எங்க வருது? நம்ம கெலவரப்பள்ளி அணைக்கு. அணை மதகு திறந்தா பனிமலை மாதிரி நுரை பொங்கி ரோடு வரைக்கும் வர்றதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அந்த நுரையோட பிறப்பிடம் மேல இருக்கிற நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும். பெல்லந்தூர் ஏரி நுரைச்சதோட நிக்காம 2015லயும் 2017லயும் தீப்பிடிச்சே எரிஞ்சது. தண்ணி தீப்பிடிக்கும்னு நம்ம பாட்டிக்குச் சொன்னா நம்புவாளா? நகரத்துல ஒரு ஏரியோரம் நாணலும் கோரையும் இருந்தா அது கொஞ்சம் அழுக்கை வடிகட்டும். மொத்தச் சாக்கடையையும் நாணல் சுத்தம் பண்ணிடாது, அதுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் வேணும். ஆனா ஓரத்துச் செடி ஒரு கை கொடுக்கும். அங்க ஒருத்தர் "சுத்தமா வெட்டுங்க"ன்னு சொல்றது இங்க நம்ம வயல்ல வந்து விழுது.

அதே பெங்களூர்ல ஜே.பி. நகர் பக்கம் புட்டேனஹள்ளி ஏரின்னு ஒரு சின்ன ஏரி. அதைக் காப்பாத்த முன்னால நின்னவங்கள்ல ஒருத்தர் உஷா ராஜகோபாலன் என்கிற அம்மா. எழுத்தாளர், நம்ம பாரதியார் பாட்டுகளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவங்க. அக்கம்பக்கத்து ஜனங்களைச் சேர்த்து ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சு, 2011இல் மாநகராட்சியோட ஒப்பந்தம் போட்டு ஏரியைப் பராமரிக்கிற பொறுப்பை எடுத்தாங்க. குடும்பம் நடத்துற பொம்பளைங்களுக்கு ஏரி நடத்தத் தெரியாதான்னு எனக்கு அப்பதான் தோணுச்சு.

திரும்பி வந்து என்ன செஞ்சோம்? நம்ம குழு பாணிதான். புதுசா ஆள் சேர்க்க வீடு வீடா போவோமே, அதே மாதிரி அந்த லேஅவுட்ல ஞாயித்துக்கிழமை வீடு வீடா போனோம். "மூலையில் செடி விடக்கூடாதுன்னு ஏன் சொன்னீங்க? எங்களுக்குக் கோபம் இல்லை, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறோம்"னு கேட்டோம். அப்பதான் தெரிஞ்சது, எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்லலை.

முதல் காரணம் பாம்பு. ஒரு அவ்வா தெலுங்குல சொன்னாங்க, பேரப்பிள்ளை பந்து எடுக்கப் போனா என்ன ஆகும்னு. நியாயமான பயம். பாம்பு வர்றது எலியைத் தேடியும் தவளையைத் தேடியும். எலி வர்றது குப்பையைத் தேடி. அந்த மூலைக்குப் பின்னாடி மதில் ஓரம் மிச்சச் சோத்தைக் கவர்ல கட்டி வீசுறவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். அதை மெதுவா சொன்னோம். பயப்படாதீங்கன்னு சொல்லலை. ராத்திரி டார்ச் இல்லாம போகாதீங்க, பாம்பு கடிச்சா கட்டுப் போடவும் வேணாம், வாய் வெச்சு உறிஞ்சவும் வேணாம், மந்திரிக்கவும் போகாதீங்க, 108க்குப் போன் பண்ணி நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னோம்.

ரெண்டாவது கொசு. இதுல பாதி உண்மை, பாதி தப்பு. டெங்கு கொசு புதர்ல பிறக்கிறதில்லை. தேங்காய்த் தொட்டி, பழைய டயர், மூடாத டிரம், பிரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு, பூந்தொட்டிக்கு அடியில வெச்ச தட்டு, இதுல தேங்குற நல்ல தண்ணியிலதான் முட்டையிடும். நாங்க வீடு வீடா போனப்ப மூடாத டிரம் எத்தனைன்னு எண்ணினா விரல் பத்தலை. ஆனா பள்ளத்துல தண்ணி நாள் கணக்கா நின்னா கொசு வரும்ங்கிறதும் நிஜம். மீனும் தட்டான் புழுவும் இருக்கிற குளத்துல கொசுப்புழுவை அதுங்க தின்னுடும். சாக்கடை கலந்த குட்டையில் அதுங்க இருக்காது.

மூணாவது காரணத்தை ஆம்பளைங்க யாரும் சொல்லலை. ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு ராத்திரி கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குற ஒரு பொண்ணு சொன்னா: "அக்கா, பட்டாம்பூச்சி எல்லாம் சரி. ராத்திரி பத்தரைக்கு அந்தப் புதர் பக்கமா நடக்கும்போது அதுக்குள்ள யார் நிக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" நான் அப்படியே நின்னுட்டேன். நாமெல்லாம் பொம்பளைங்க, நமக்கு இது தோணியிருக்கணும். மரம் செடி பத்திப் பேசுறவங்க இதை மறந்துட்டா, அவங்க சொல்றது எவ்வளவு நல்லதா இருந்தாலும் எந்தப் பொண்ணும் ஒத்துக்க மாட்டா, ஒத்துக்கவும் வேணாம்.

நாலாவது, மானம். "ஊரு மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு பணம் போட்டு மனை வாங்கினோம்?" இது வாய்விட்டுச் சொல்லாத காரணம். கவனிப்பாரில்லாத இடம் மாதிரித் தெரியுதுங்கிற வருத்தம்.

இதை அந்த டீச்சரம்மாகிட்ட சொன்னேன். அவங்க சொன்னாங்க, இது நம்ம ஊர்ல மட்டும் இல்லை, எல்லா நாட்டுலயும் இதே சண்டைதான். இங்கிலாந்துல தேனீக்காக மே மாசம் புல் வெட்டாதீங்கன்னு ஒரு இயக்கம் நடத்துறாங்க, அங்கயும் "ஏன் வெட்டாம விட்டீங்க"ன்னு சண்டைக்கு வர்றவங்க இருக்காங்களாம். அமெரிக்காவுல ஜோன் நாசாவர்னு ஒரு அம்மா, நிலம் வடிவமைக்கிற பேராசிரியை, 1995லயே இதைப் பத்தி எழுதியிருக்காங்களாம். காட்டுச்செடி இருக்கிற இடத்தைச் சுத்தி ஓரத்தை மட்டும் ஒழுங்கா வெட்டி, ஒரு வேலி, ஒரு பலகை வெச்சா, "இதை யாரோ கவனிச்சுக்கிறாங்க"ன்னு ஜனங்களுக்குத் தெரியும், அப்ப ஏத்துக்குவாங்கன்னு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வயல் எப்படி இருந்தாலும் வரப்பைச் செதுக்கி வெச்சா, குடியானவன் இருக்கான்னு ஊர் சொல்லுமே, அதேதானே இது!

அதையே செஞ்சோம். சங்கத்துக் கூட்டத்துல அனுமதி கேட்டோம். மொத்த பூங்காவும் வேணாம், அந்த மூலை மட்டும், ஒரு வருஷம் மட்டும்னு கேட்டோம். பாதையில் இருந்து ஆறடிக்கு இடுப்பு உயரத்துக்கு மேல எதுவும் வளர விடலை, அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் ஆள் தெரியணும். அங்க ஒரு விளக்குப் போடச் சொல்லி வாங்கினோம். பாதையோரம் கல் அடுக்கி ஒரு வரி பிடிச்சோம். உள்பக்கம் ஆவாரை, எருக்கு, நொச்சி, கறிவேப்பிலை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுற பட்டாம்பூச்சி இருக்கு, அதுக்காக. பள்ளத்தை மறுபடி தோண்டினோம், ரெண்டு மூணு நாள்ல தண்ணி மண்ணுக்குள்ள இறங்குற மாதிரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் ஒரு பலகை: "இது பட்டாம்பூச்சி மூலை. பிள்ளைங்க பார்க்கலாம், குப்பை போடாதீங்க." எழுத்து அந்தப் பிள்ளைங்களே எழுதினது. யார் வெட்டினாங்கன்னு கேட்ட பொண்ணுதான் படம் வரைஞ்சா.

எல்லாரும் மாறிட்டாங்கன்னு சொன்னா அது பொய். இன்னும் ரெண்டு மூணு வீட்டுல முகம் கொடுத்துப் பேசுறதில்லை. ஒரு வீட்டுல இப்பவும் மதிலுக்கு மேல கவர் வீசுறாங்க. ஆனா ஒரு வருஷம் முடிஞ்சு கூட்டம் போட்டப்ப, எடுத்துடலாம்னு கை தூக்கினவங்க குறைவு. டேங்கர் தண்ணி மிச்சமானதைக் கணக்குப் பார்த்து சொன்ன பிறகு இன்னும் குறைஞ்சது. ஷிப்ட் முடிச்சு வர்ற அந்தப் பொண்ணு, "இப்ப பரவாயில்லக்கா"ன்னா. எனக்கு அது போதும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். பூட்டி வைக்கிற பாதுகாப்பும் உண்டு. சென்னையில் அடையாறு முகத்துவாரத்துக்கிட்ட 58 ஏக்கர்ல தொல்காப்பியப் பூங்கா, 2011இல் திறந்தாங்க. குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த சதுப்பு நிலத்தை மீட்டு, அந்த மண்ணுக்குரிய செடி கொடிகளை நட்டாங்க. பெரிய வேலை. ஆனா நினைச்சப்ப நினைச்சவங்க உள்ள போற பூங்காவா அதை வைக்கலை. பறவைக்கும் சதுப்புக்கும் தொந்தரவு வேணாம்னு, மாணவர்களையும் அனுமதி வாங்கினவங்களையும்தான் முதல்ல விட்டாங்க. அதுவும் சில இடத்துக்குத் தேவைதான். ஆனா நம்ம கிராமத்து ஏரிக்கரையில் வேலி போட்டுட்டா, ஆடு மேய்க்கிறவளும், புல் அறுக்கிறவளும், கீரை பறிக்கிறவளும் எங்க போவா? இயற்கையை மீட்கிறோம்னு சொல்லி ஏழைப் பொம்பளையை வெளியேத்தினா, அவ அந்தச் செடியை எப்படிச் சொந்தமா நினைப்பா?

நம்ம பக்கமும் நகரம் ஆயிட்டே வருது. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆச்சு. பாகலூர், பேரிகை ரோடு ரெண்டு பக்கமும் மனைக்கல்லு நட்டுட்டே வர்றாங்க. இன்னைக்கு ராகி விளையிற இடத்துல நாளைக்குப் பூங்கா வரும். அந்தப் பூங்காவைப் பெருக்கப் போறதும், தண்ணி ஊத்தப் போறதும் நம்மளை மாதிரிப் பெண்கள்தான். அப்ப அதுல எது இருக்கணும், எது வேணாம்னு சொல்ற இடத்துலயும் நாம இருக்கணும்.

அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். தீர்மானப் புத்தகத்துல ஏத்தணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, 2022 செப்டம்பர்ல அரசாங்கம் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஆரம்பிச்சிருக்கு, நாட்டு மரக்கன்றுக்குத் தேவை இருக்கு. நாற்றங்கால் வைக்கிற குழுக்கள் குரோட்டன்ஸோட சேர்த்து புங்கன், நாவல், இலுப்பை, நீர்மருது, அத்தி, ஆவாரை, நொச்சியும் போடட்டும். விதை நம்ம ஊர்லயே கிடைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ரெண்டு, பூங்கா, ஏரிக்கரை வேலை எந்தக் குழு எடுத்தாலும், முதல்ல சுத்தி இருக்கிற வீடுகள்ல, முக்கியமா பெண்கள்கிட்டயும் வயசானவங்ககிட்டயும் பேசிட்டு அப்புறம் கடப்பாரையைத் தொடுங்க. பயத்தைக் கேட்காம செடி வெச்சா நிக்காது.

மூணு, ஏரிக்கரையில் எந்தத் திட்டம் வந்தாலும், மேய்ச்சலுக்கும் புல் அறுக்கவும் வழி விட்டிருக்கான்னு கிராம சபையில் நம்ம உறுப்பினர் எழுந்து கேக்கணும்.

கடைசியா ஒண்ணு. போன மாசம் அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் எருக்கஞ்செடியைக் காட்டினா. இலைக்கு அடியில ஒரு கூடு. "ஆன்ட்டி, இதை யாரும் வெட்ட மாட்டாங்க இல்ல?"ன்னு கேட்டா. இந்தத் தடவை நான் ஓடிப் போகலை. "அன்னைக்கு வெட்டினது நான்தான்மா. இனிமே வெட்ட விட மாட்டேன்"னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. அப்புறம், "சரி, நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க, திறக்கும்"னா.

ஏழு மணிக்குப் போனேன். வெயில் வந்த பிறகு ரெக்கை காய்ஞ்சு பறந்தது.